தாய்மாமனை அழைக்காமல் போட்ட துளைகள்

கொத்திக்காட்டுக் கரட்டில் காலங்காலமாகப் படுத்துக் கிடந்த கரிக்கல் எழுந்து ஊருக்குள் இறங்கி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை என்றால் சந்தை, சந்தை என்றால் ஆட்டை வண்டியில் ஏற்றுகிறவனுக்கும் தக்காளிக் கூடைக்குப் பஸ்ஸில் இடம் பிடிக்கிறவளுக்கும் ஆச்சரியப்பட எங்கே நேரம் இருக்கிறது, அதனால் வந்த கல்லுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள், ரெண்டு பேர் போகிற போக்கில் "பார்த்து, பார்த்து" என்றார்கள், அவ்வளவுதான். அதிர்ந்து போன ஒரே ஆள் கனிமத் துறை அருணகிரி. அவரும் கல் நடந்ததற்காக அதிரவில்லை. தான் கண்டுபிடித்த ஒன்று கண்டுபிடித்த இடத்திலேயே இருக்கும் என்று நம்பித் தொலைத்தோமே என்றுதான் தலையில் அடித்துக்கொண்டார்.

பாவம், அந்த மனுஷனைச் சொல்லியும் குற்றமில்லை. முப்பத்தோரு வருஷ சர்வீஸில் இருபத்தாறு இடத்தில் மண்ணைக் கீறிப் பார்த்தவர் அவர். சுண்ணாம்புக்கல் என்று போவார், சுக்கான்கல் இருக்கும். இரும்பு என்று போவார், யாரோ எப்போதோ போட்ட ஆணி இருக்கும். வெயிலில் கறுத்து, பாம்புக்குப் பயந்து, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் கடைசியில் ஒரே வாக்கியத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்: இவ்விடத்தில் மேற்கொண்டு ஆய்வு தேவையில்லை. ஆபீஸில் அவருக்கு 'வெறுங்குழி' என்று பேர். ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம். அதற்குள் துறையின் பெரிய வரைபடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் 'கண்டறிந்தவர் சு. அருணகிரி' என்று இருந்துவிட வேண்டும், உயிரோடு ஒரு இடமாவது தன் பேரைச் சொல்ல வேண்டும், அவருடைய ஆசை அவ்வளவுதான். பிள்ளை குட்டி இல்லாத மனுஷன் வேறு எதற்கு ஆசைப்படுவார்.

அந்தக் கறுப்புப் புள்ளி கொத்திக்காட்டில்தான் கிடைத்தது. கரட்டின் கிழக்குச் சரிவில் நூற்றெண்பது அடி வைத்து நடக்கிற நீளத்துக்கு, அகலமான இடத்தில் ஒன்பது அடி வைக்கிற அகலத்துக்கு, கறுப்பும் சிவப்பும் மாறி மாறிக் கோடு போட்ட மாதிரி ஒரு கல் படுகை. கறுப்புப் பக்கம் மாங்கனீசு, தொட்டால் கையெல்லாம் மை, ஒரு வாரம் கழுவினாலும் போகாது. சிவப்புப் பக்கம் இரும்பு, அதிலும் காந்தம் கலந்த இரும்பு, திசைகாட்டியைக் கொண்டு போனால் முள் வடக்கை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கும். சின்னக் கனிமக் கிடைதான், ஆனால் கிடை. எந்திரத்தைக் கொண்டு வந்து மூன்று இடத்தில் ஆழத் துளை போட்டார், மூன்றிலும் கறுகறுவென்று உருளை உருளையாகக் கல் வந்தது. தகரத் தட்டுகளில் அதை அடுக்கி வைத்து, பெற்ற தாய் மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலிடத்துக்குப் போன் போட்டார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் குழு வரும், குழு முன்னால் நாலாவது துளை போட வேண்டும், அதில் கல் வந்தால் புள்ளி வைத்துவிடலாம் என்றார்கள்.

போன் போட்ட மறுநாள்தான் செவ்வாய்க்கிழமை. முகாமுக்குச் சமைத்துப் போடுகிற பாவாயி, பதினோரு ஆட்டுக்கும் ஊர் நியாயம் அத்தனைக்கும் சொந்தக்காரி, இட்லித் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சார், உங்க கல்லு கீழ எறங்கிருச்சுங்க. பால் சொசைட்டிகிட்ட நிக்குது. இட்லி ஆறிப்போயிரும், தின்னுபோட்டுப் போய்ப் பாருங்க."

அருணகிரி தின்னாமல் ஓடினார். கரட்டில் வெறும் செம்மண்ணும் மூன்று துளையும் இருந்தன. பால் சொசைட்டி வாசலில் கரிக்கல் சாவகாசமாகப் படுத்திருந்தது, மண்ணுக்குள் புதைந்து, கறுப்பு வரி மட்டும் மேலே தெரிய. எடைக்கல் ஒன்றும் தட்டை விட்டு எழ மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டதால் அன்றைக்குப் பாலைக் கண்மதிப்பில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், வரிசை நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தது.

அதற்கப்புறம் அது ஒரு இடத்தில் நிற்கவில்லை. சினையாடு நடக்கிற வேகத்தில் ஊர்ந்து ஒரு வீட்டுக்கு அடியில் போகும், ஒன்றரை நாள் இருக்கும், அடுத்த வீட்டுக்குப் போகும். எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில் இரும்புக் கட்டில் தானாக நகர்ந்து நடுக்கூடத்துக்கு வந்துவிடும், சைக்கிள் ஸ்டாண்டு போடாமலே நிற்கும், தையல் ஊசிகள் தரையில் நட்டுக்கொண்டு நிற்கும், அரிவாளைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் காளியண்ணன் வீட்டுக்கு அது போனபோது இரும்புப் பீரோ ரெண்டு நாள் திறக்கவில்லை. தலைவர் மருமகளின் பூப்போட்ட துண்டைப் போர்த்திக்கொண்டு கிராம சபைக் கூட்டம் நடத்தினார், தீர்மானங்கள் வழக்கம் போல ஒருமனதாக நிறைவேறின.

ஊர் அதைப் பழக்கிக்கொண்டது. வார்டு வாரியாக முறை போட்டார்கள். கல் தங்கிய வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் குழம்பு கொண்டு வந்து கொடுத்தார்கள், அரிவாள்மணை தரையோடு கவிழ்ந்து ஒட்டிக்கொண்ட வீட்டில் வீட்டுக்காரி எதை வைத்துக் காய் அரிவாள். குழாய்த் தண்ணீர் துருவாடை அடித்ததே தவிர, வெளிறிக் கிடந்த பெண்களெல்லாம் ஒரே வாரத்தில் சிவந்து போனார்கள். இரும்புச் சத்து மாத்திரையோடு வந்த நர்ஸம்மா ஒவ்வொருத்தியின் கண்ணிமையையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "மாத்திரை வேண்டாம், கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க" என்றாள். கைக்குழந்தைகளின் கன்னத்தில் அந்தக் கறுப்பை எடுத்துத் திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். போகவே இல்லை என்பதால் திருஷ்டிக்கு நல்லது என்று முடிவு கட்டினார்கள்.

சங்கடமும் இல்லாமல் இல்லை. மேலத்தெருவில் புதிதாகக் கல்யாணமாகி வந்த சம்பூரணம் காலையில் கோலம் போடக் குனிந்தாள், அவ்வளவுதான், மாமியார் வீட்டில் போட்ட ஏழு பவுன் சங்கிலி தரையில் ஒட்டிக்கொண்டது, சங்கிலியோடு அவளும். தங்கம் எந்த ஊரில் காந்தத்தில் ஒட்டும்? தெருவே கூடி நின்று பார்க்க, உள்ளேயிருந்து மாமியார், "அது கல்லோட குத்தம்!" என்று கத்தினாள். அன்றிலிருந்து ஊரில் மருமகள்கள் எல்லாரும் "எங்க வீட்டுக்கு எப்ப வருது?" என்று கேட்டார்கள், மாமியார்கள் எல்லாரும் அது தங்கள் வீட்டைத் தாண்டிப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டார்கள்.

அருணகிரி மட்டும் முளைக்குச்சியும் கயிறும் நோட்டுமாக அதன் பின்னாலேயே அலைந்தார். காலையில் ஒரு வரைபடம் போடுவார், மை காய்வதற்குள் அது பொய்யாகிவிடும். கெஞ்சினார். மாரியம்மன் கோயில் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையைத் தட்டித் தட்டி, "வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு எடத்துல இருடா ராஜா, உன்னைக் கும்புடறேன்" என்று அவர் சொன்னதைப் பாவாயி காதால் கேட்டாள். அவளுக்கே மனசு தாங்கவில்லை. நேராக ரேஷன் கடைக்குப் போனாள். அங்கே சர்க்கரை வராததால் ஊரே வரிசையில் நின்றுகொண்டிருந்தது, காளியண்ணனும் நின்றார்.

"அந்த மனுசன் பைத்தியம் புடிச்சாப்ல சுத்துறாருங்க. கல்லு ஏன் எறங்கிச்சுன்னு ஆராச்சும் ரோசன பண்ணுனீங்களா?"

ரேஷன் வரிசையில் ஒரு மணி நேரம் யோசித்தார்கள். பிறகு ஆளனுப்பி அருணகிரியை வரவழைத்தார்கள். காளியண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க சார், உங்க பக்கம் புள்ளைக்குக் காது குத்துனா எப்படிக் குத்துவீங்க?"

"எப்படின்னா? ஆசாரியைக் கூப்பிட்டுக் குத்துவோம்."

"அட, ஆரு மடியில உக்கார வெச்சுங்க?"

"தாய்மாமன் மடியில."

"இல்லைங்களா? அப்பறம், மூணு துளை போட்டீங்களே, எந்த மாமன் மடியில வெச்சுப் போட்டீங்க?"

அருணகிரி விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். "பூஜை போட்டேனேங்க. எலுமிச்சம்பழம், கற்பூரம், எல்லாம் பண்ணினேன்."

"அது மிசினுக்குங்க சார்," என்றாள் பாவாயி. "புள்ளைக்கு என்ன பண்ணுனீங்க?"

வரிசை மொத்தமும் 'ச்சு' கொட்டியது. மாமனைக் கூப்பிடாமல் காது குத்தினால் எந்தப் பிள்ளைதான் வீட்டில் இருக்கும், கோபித்துக்கொண்டு தெருத் தெருவாகத்தான் திரியும். இப்போது மாமன் யார் என்று பார்க்க வேண்டும். அதற்குத் தாய் யார் என்று தெரிய வேண்டும். அதை யாரிடம் கேட்பது, எதிரில் நிற்கிற ஆளிடம்தான் கேட்க வேண்டும். படித்த படிப்புக்குத் துரோகம் பண்ணத் தெரியாத அருணகிரி, அந்தச் சங்கடத்திலும் ஒழுங்காகப் பதில் சொன்னார்: கரிக்கல் பழைய கடலின் அடியில் வண்டலாக விழுந்து இறுகியது, அது உட்கார்ந்திருப்பது அதைவிடப் பழைய சாம்பல் நிறப் பாறை மேலே, தாய் என்றால் அதுதான், அந்தச் சாம்பல் பாறையோடு கூடப்பிறந்தது என்று சொன்னால், ஓடைக்கு அந்தப்புறம் ஊஞ்சக்காட்டில் தலை நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்தப் பாறைதான்.

"ஊஞ்சக்காடா?" என்று காளியண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

ஊஞ்சக்காட்டோடு பேச்சுவார்த்தை நின்று பத்தொன்பது வருஷம். தேர்த் திருவிழாவில் எந்த ஊர் மேளம் முன்னால் போவது என்று வந்த தகராறு. அதற்குள் அந்த ரெண்டு மேளக்காரர்களே சம்பந்தியாகிவிட்டார்கள், ஊர்கள்தான் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகின்றன. ஆனால் என்ன செய்வது, மாமன் முறை என்று வந்துவிட்டால் மானம் பார்க்க முடியாது. வெற்றிலை பாக்குத் தட்டோடு காளியண்ணன், பாவாயி, அருணகிரி மூன்று பேரும் ஓடையைத் தாண்டினார்கள். ஊஞ்சக்காட்டுப் பெரியதனக்காரர் ராக்கியண்ணன் அவர்களை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு சொம்பு மோரையும் மிச்சமில்லாமல் குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்கூருப் பாறைதான் மாமன்னு இத்தன நாளாத் தெரியலீங்களா உங்களுக்கு?"

"எனக்கே இப்பத்தாங்க தெரியும்," என்றார் அருணகிரி. "தாயும் மாமனும் ஒரே வயசு. இருநூத்தம்பது கோடி வருஷம்."

ராக்கியண்ணன் அதைக் கேட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தங்கள் ஊர்ப் பாறைக்கு இவ்வளவு வயசு என்று அவருக்கும் தெரியாது. தட்டை எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம், பத்தரைக்கு ராகு காலம், பதினோரு மணிக்குக் குழு. ஊஞ்சக்காட்டார் மாமன் முறையை விட்டுக்கொடுக்காமல் வந்தார்கள். மாட்டளவு சாம்பல் பாறை ஒன்றை டிராக்டரில் ஏற்றி, சரிகை வேட்டி சுற்றி, உருமால் கட்டி, சந்தனம் பூசி, இருபத்தொரு சீர்த்தட்டோடு, ரெண்டு ஊர் மேளமும் பக்கத்துப் பக்கத்தில் அடித்துக்கொண்டு வர, அப்படி ஒரு ஊர்வலம் அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. கரட்டில் இறக்கி வைத்தார்கள். ஊருக்குள் கடைசி வீட்டுக்கு அடியில் முறுக்கிக்கொண்டு கிடந்த கரிக்கல் அசைந்தது. நிலக்கடலைக் காட்டுக்கு அடியில் செடியொன்றும் சாயாமல் ஊர்ந்து, மேடேறி, மாமன் பாறையை ஒட்டி ஒரு தரம் சுற்றி, அதன் மேல் சாய்ந்து படுத்தது. பெண்கள் குலவையிட்டார்கள். ஆசாரி வந்து மூன்று துளையிலும் முறைக்கு ஒரு தரம் ஊசியைக் காட்டினார். அந்நேரம் கீழே ஊரில் இருந்த அரிவாள், கடப்பாரை, மண்வெட்டி எல்லாம் ஒரு தரம் ணங்கென்று அதிர்ந்தன, அவ்வளவுதான், அழுகை ஒன்றுமில்லை.

அருணகிரிக்குக் கண் நிறைந்துவிட்டது. திசைகாட்டியை எடுத்துப் பார்த்தார், முள் பழையபடி கரட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. பத்தேகால் மணி. கிடை இருக்கிறது, இடத்தில் இருக்கிறது, குழு வந்துகொண்டிருக்கிறது, புள்ளி வைத்தாகிவிட்டது.

அப்போதுதான் பாவாயி பந்தலில் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்து சும்மா கேட்டாள்.

"வர்றவங்க இதைப் பார்த்துப்போட்டு என்ன சார் பண்ணுவாங்க?"

"தோண்டுவாங்க."

"எவ்வளவு?"

இருபத்தாறு இடத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை, கேட்கும்படி ஒன்றும் கிடைத்ததும் இல்லை. "முழுசும்," என்றார். "உடைச்சு, லாரியில ஏத்தி, உருக்காலைக்கு."

மேளம் நின்றுவிட்டது. யாரோ பின்னாலிருந்து, ஊரில் எல்லாருக்கும் வேலை கொடுப்பார்களாமே என்று மெதுவாகச் சொன்னார்கள். "என்ன வேலை?" என்று பாவாயி திரும்பினாள். "காது குத்துன கையோட நம்ம புள்ளைய நாமளே ஒடைக்கற வேலையா?" ராக்கியண்ணன்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"காது குத்துனா மாமன் வீட்டுக்கு விருந்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறது முறைங்க. எங்கூரு ஓடைக்கு அந்தப்பக்கம். வேற ஜில்லா. நீங்க தோண்டறதுக்கு வாங்குன உத்தரவு அங்க செல்லாது. ஆனா ஒண்ணு, நாங்களாக் கூட்டிக்கிட்டுப் போக முடியாது. அப்பன் உத்தரவு குடுக்கோணும்."

அப்பன் யார் என்று எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் எல்லாரும் அருணகிரியைப் பார்த்தார்கள்.

"நானா?"

"வேற ஆருங்க?" என்றார் காளியண்ணன். "கண்டு எடுத்தது நீங்க. பின்னாலயே கெஞ்சிக்கிட்டு அலைஞ்சதும் நீங்க."

தார் ரோட்டில் ஜீப் திரும்புவது கரட்டின் மேலிருந்து தெரிந்தது. முப்பத்தோரு வருஷம். ஒரே ஒரு புள்ளி. வேண்டாம் என்று சொன்னால் போதும், அதுகூட வேண்டாம், பேசாமல் நின்றாலே போதும், இன்னும் அரை மணியில் அவர் வெறுங்குழி இல்லை. அருணகிரி மாமன் மேல் சாய்ந்து கிடக்கிற கரிக்கல்லைப் பார்த்தார், நெஞ்சு வலிக்க வலிக்கப் பார்த்தார், அதன் கறுப்பு அவர் உள்ளங்கையில் ரேகையெல்லாம் ஏறியிருந்தது.

"கூட்டிக்கிட்டுப் போங்க," என்றார். "வெயில்ல நிறுத்தாதீங்க. ஓடை எறங்கறப்ப மெதுவா. அது நாற்பது மீட்டர் ஆழம் இருக்கு, அவசரப்படுத்தினா நடுவுல விரிஞ்சிரும்."

மாமன் பாறையை டிராக்டரில் ஏற்றி ராகு காலத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னால் கிளம்பிவிட்டார்கள், மேளத்தோடு. கரிக்கல் பின்னாலேயே போயிற்று. எதிரே வந்த ஜீப் ஊர்வலத்துக்கு ஒதுங்கி நின்றது. கீழே கல் கடக்கும்போது, பிரேக் போட்டிருந்த ஜீப் அதோடு கூடவே பத்தடி பக்கவாட்டில் போய்விட்டு நின்றது. டிரைவர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தான், ஒன்றுமில்லை என்று ஏறிக்கொண்டான்.

குழுவுக்குத் தலைவர் ஜெயசீலன், ஒரு காலத்தில் அருணகிரியிடம் சுத்தியல் பிடிக்கக் கற்றுக்கொண்டவர், இப்போது அவருக்கு மேலதிகாரி. மாலை வரை நாலாவது துளை போட்டார்கள். செம்மண் வந்தது, சாம்பல் கல் வந்தது, அப்புறம் இன்னும் சாம்பல் கல் வந்தது. தகரத் தட்டில் அடுக்கியிருந்த உருளைகளைக் காட்டச் சொன்னார்கள். தட்டு இருந்தது, உருளைகளும் கூடவே விருந்துக்குப் போய்விட்டிருந்தன. ஜெயசீலன் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. தோளில் கை வைத்து, "ரெஸ்ட் எடுங்க சார், போதும்" என்றார். அருணகிரி அன்றைக்கே அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டார். இவ்விடத்தில் மேற்கொண்டு ஆய்வு தேவையில்லை. இருபத்தேழாவது தடவை. எழுத்து மட்டும் எப்போதும் இல்லாதபடி மணிமணியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊஞ்சக்காட்டில் விருந்து. முகாமைக் கலைத்துச் சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு அருணகிரி போய்ச் சேருவதற்குள் முதல் பந்தி முடிந்து, ரெண்டாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷத்தில் கடைசி வரிசையில், தூணோரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்தார். பொரியல் வைத்துக்கொண்டு வந்த ஆளுக்கு அவரைத் தெரியவில்லை.

"நீங்க எந்தூருங்க? ஆரு வழியில வந்திருக்கீங்க?"

துறையிலிருந்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வேறு வந்துவிட்டது.

"புள்ளையோட அப்பனுங்க."

பொரியல் கரண்டி நின்றது. "அப்பனா? அப்பனுக்கா ரெண்டாம் பந்தி?" என்று அந்த ஆள் அலறிய அலறலில் சமையல்கட்டு வரைக்கும் சத்தம் நின்றது. அடுத்த நிமிஷம் கொத்திக்காட்டார் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள், சாப்பிட்டு முடித்தவர்கள்கூடத் தின்னாததுபோல் நின்றார்கள். "எங்கூரு மனுசனைத் தூணுக்குப் பின்னால உக்கார வெச்சா சோறு போடுறீங்க?" என்று பாவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ராக்கியண்ணன் ஓடி வந்தார். "சார், தெரியாமப் போச்சுங்க, மன்னிச்சுப்போட்டு முன்னால வாங்க, நடுவுல எல போடச் சொல்றேன்" என்று கையைப் பிடித்தார்.

அருணகிரிக்கு நல்ல பசி. தாளித்த வாசனை வேறு. அவர் சுற்றிலும் பார்த்தார். தனக்காக முகம் சிவந்து நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார், மனசுக்குள் சந்தோஷம் தாங்க முடியவில்லை. முகத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு உம்மென்று வைத்துக்கொண்டு, கையை விடுவித்து, இலையை மெதுவாக மடித்தார்.

"பரவாயில்லீங்க. நான் பாட்டுக்குப் போறேன்," என்றார்.

ராக்கியண்ணன் ரெண்டாவது தரம் கூப்பிட்டார். அருணகிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எப்படியும் மூன்றாவது தரம் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.